ஈச்சங்கலட்டி என்று தைத்த சேட்

மலருக்கு இரண்டு பக்கம் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பகிடி, கொஞ்சம் கண்ணீர், முகாம் காலத்து உதைபந்தாட்டம் என்று ஏதாவது எழுதினால் போதும் என்றீர்கள். கழகத்துக்குப் பொன்விழா, கனடாவில் மண்டபம் பிடித்தாயிற்று, படங்களெல்லாம் பளபளப்புத் தாளில் வரும் என்று குழுவில் நாளுக்கு நாலு தடவை செய்தி போடுகிறீர்கள். கூடவே இன்னொரு கடிதத்தையும் அனுப்பி, அதில், ஊரில் இருக்கும் நான் கையெழுத்து வைத்து உதைபந்தாட்ட லீக் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும் என்றீர்கள். இரண்டுக்கும் சேர்த்து இதுதான் என் பதில். இரண்டு பக்கத்தில் அடங்காது. பகிடியும் கிடையாது.

உங்கள் கடிதம் சொல்வது இதுதான்: ஊரில் இப்போது ரெயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பெடியள் ஈச்சங்கலட்டி என்ற பெயரில் விளையாடுகிறார்கள், அது நம் தந்தையர் நடத்திய கழகத்தின் பெயர், அவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளட்டும். உங்களில் யார் எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. யார் எழுதியிருந்தாலும் அது என் அப்பாவின் கடிதம்தான். ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று தொடங்கி ஆளின் கழுத்தைப் பிடிக்கிற அந்த நடையை நான் நன்றாக அறிவேன்.

உங்களுக்கு மறந்திருக்கும், ஆகவே பெயர் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் குடாநாட்டில் கழகப் பெயர்கள் சும்மா வருவதில்லை. பருத்தித்துறைப் பக்கம் கரையோரமாகப் போனால் தேவாலயத்துப் புனிதரின் பெயரில் கழகம் இருக்கும். மைதானமும் செல்வாக்கும் உள்ளவர்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்வார்கள். எஞ்சியவர்களுக்கு வானம். நட்சத்திரம், நிலவு, உதயம், மின்னல். சின்ன வயதில் அவைதான் அழகான பெயர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் வேறு வழியில்லாமல்தான் வானத்துக்குப் போனார்கள் என்று சொல்ல வரவில்லை, ஆசைப்பட்டு வைத்தவர்களும் இருப்பார்கள். எங்கள் ஊரில் அது எப்படி நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புழுதி மாவிலையில் படிகிற தூரத்தில்தான் ஈச்சங்கலட்டி. ரெயில் பாதைக்கு மேற்கே நாங்கள்: தோட்டக்காரர், வாத்திமார், கந்தோரில் வேலை செய்தவர்கள். கிழக்கே சுண்ணாம்புச் சூளைக்காரரும் ஆலைக்குக் கல் உடைத்தவர்களும். கிராமத்து அலுவலரான விதானையாரின் பதிவில் இரண்டு பக்கமும் ஈச்சங்கலட்டி. தபாற்காரனுக்கும் அப்படியே. கழகத்துக்கு மட்டும் மேற்குப் பக்கம்தான் ஈச்சங்கலட்டி. அந்தப் பக்கத்தார் தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கி, பெயரைக் ‘கிழக்கு ஈச்சங்கலட்டி’ என்று பதியக் கேட்டபோது, எங்கள் கழகத்தின் செயலாளராக இருந்த என் அப்பா லீக்குக்கு நாலு பக்கம் எழுதினார். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அந்தப் பக்கம் ஈச்சங்கலட்டியே அல்ல, சூளைக்காரர் வந்து குந்திய வெறும் வளவு என்று எழுதினாராம். லீக் அவருடைய சொல்லை எடுத்தது. அவர்கள் கடைசியில் ‘வெண்தாரகை’ என்று வைத்துக்கொண்டார்கள். வானத்துக்குச் செயலாளர் இல்லாதபடியால் அதை ஒருவரும் மறுக்கவில்லை.

பிறகு ஷெல் விழுந்தது. ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அது பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே ஒழுங்கையால் ஓடினோம். இணுவிலுக்குப் பக்கத்தில், வெங்காயம் கிண்டிவிட்டுச் சும்மா கிடந்த ஒரு தோட்டக் காணியில் கிடுகுக் கொட்டில்கள் போட்டு முகாம் ஆக்கினார்கள். உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கேதான் மூக்கு வடியத் திரிந்தீர்கள். கொட்டிலுக்குள் எந்நேரமும் ஊறின கிடுகின் மணமும் மண்ணெண்ணெய் மணமும். சோளகக் காற்றுக்குச் செம்மண் பறந்து சோற்றில் நறநறக்கும். வெள்ளைச் சட்டை என்று ஒருவரிடமும் மிஞ்சவில்லை, எல்லாம் ஒரு மங்கல் சிவப்பாய்ப் போயிருந்தன.

முகாமில் ஒரே ஒரு கிணறு. மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் ஒரே வரிசையில் வாளியோடு நின்றோம். ஊரில் அந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முகாமில் அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ஆகவே அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று பதினொரு வயதில் நான் முடிவு கட்டிவிட்டேன். நான் விட்ட பெரிய பிழை அதுதான், பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்தச் சோளகக் காலத்தில் லீக் ஒரு சுற்றுப்போட்டி அறிவித்தது. இடம்பெயர்ந்த கழகங்களும் சேரலாம், தங்கள் பகுதி விதானையாரின் கடிதம் இருந்தால் போதும் என்றார்கள். அப்பாவுக்கு உயிர் வந்துவிட்டது. வீடு போய், தோட்டம் போய், பள்ளிக்கூடமும் போன மனிதர் அவர். ஊர்ப் பெயர் ஒன்றுதான் கையில் மிஞ்சியிருந்தது. அதை ஒரு மைதானத்தில் பலத்துச் சொல்லக் கேட்க வேண்டும் என்று அலைந்தார். அது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் கோபம் குறைந்ததாக நினைக்க வேண்டாம்.

பெடியளை எண்ணிப் பார்த்தால் பத்துப் பேர். கோல் கீப்பராக நின்றவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். என் அண்ணைதான் கப்டன். அவர் கண் வைத்தது அந்தப் பக்கத்துப் பெடியன் ஒருவன் மேல். பதினேழு வயது இருக்கும். கடைசி வரிசைக் கொட்டிலில் தாயோடு தனியே இருந்தான். சூளையில் வேலை செய்த கை, முழங்கை வரை சுண்ணாம்பு சுட்ட வெள்ளைத் தழும்பு. நிவாரண லொறியில் நின்று பருப்புப் பொதிகளைக் கீழே எறியும்போது, சனத்தின் தலைக்கு மேலால் ஒற்றைக் கையை நீட்டி எடுப்பான். ஒன்றும் நிலத்தில் விழுந்ததில்லை. நாங்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்போம்.

“பத்துப் பேரோடை இறங்கேலுமோ அப்பா? கீப்பர் இல்லாமல் நான் முன்னுக்கு ஓடுறதோ, பின்னுக்கு நிண்டு பந்து பொறுக்கிறதோ?” என்று அண்ணை கேட்டார்.

“அந்தப் பக்கத்தாலை ஒராளை எடுத்தால் நாளைக்குக் கழகமே தங்கடை எண்டு நிப்பினம். உனக்கு உவையளைத் தெரியாது.”

“எனக்குப் பந்து பிடிக்கிறவனைத் தெரியும்.”

முடித்து வைத்தவர் விதானையார். ஆள் இல்லாத பகுதிக்கு விதானையாராக இருந்து சம்பளம் எடுத்த மனிதர். முகாம் வாசலில் ஒரு ஸ்டூலில் குந்தியிருப்பார். ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியும் ஒரு சீனிப் பையில் இருக்கும். அப்பா கடிதத்துக்குப் போனபோது அவர் பட்டியலை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மாஸ்டர், ஊரிலை இப்ப நாய்கூட இல்லை. என்ரை பதிவிலை ரெண்டு பக்கமும் ஒண்டுதான். பதினொரு பேரின்ரை பேரைத் தாங்கோ, சீல் குத்திறன். பத்துப் பேருக்குக் குத்தி லீக்காரரிட்டை நான் பேச்சு வாங்கேலாது.”

அப்பா பதினோராவது பெயரை எழுதினார். பேனை தாளைக் கிழித்தது என்று அண்ணை பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

விளையாடப் போடும் சேட்டுகளை அம்மா தைத்தா. சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்த கை மெசின் எங்களிடம் இருந்தது. பழைய பள்ளிக்கூடச் சேட்டுகள் பத்தைச் சேர்த்து, வாளியில் நீலம் கரைத்து ஊற வைத்தா. கீப்பரின் சேட்டுக்கு வேறு நிறம் வேண்டும் என்று தேயிலைச் சாயத்தில் போட்டு மண்ணிறம் ஆக்கினா. நெஞ்சில் ஊர்ப் பெயர். நிவாரண மாப் பையின் துணியை வெட்டி ஒவ்வொரு எழுத்தாகத் தைத்தா. ஈ, ச், ச, ங், க, ல, ட், டி. எட்டு எழுத்து. மூன்று புள்ளிக்கும் சதக்காசளவில் வட்டத் துணி. சில எழுத்தில் மாப் பையின் அச்சு மங்கலாகத் தெரியும். எப்படித் துவைத்தும் அது போகவில்லை.

நீலச் சேட் பத்திலும் எழுத்து இருந்தது. மண்ணிறச் சேட்டில் இல்லை. “கீப்பருக்கு நிறமே வேறை, எழுத்து என்னத்துக்கு?” என்று அப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கொட்டிலுக்குள் அவர் அம்மாவிடம் சொன்னது வேறு. அதை அம்மா எனக்குச் சொன்னது நான் பிள்ளை பெற்ற பிறகு. “அவன் நிண்டு பிடிச்சிட்டுப் போகட்டும். ஊரின்ரை பேர் அவன்ரை நெஞ்சிலை வேண்டாம்” என்றாராம். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா எதற்கும் மறுபேச்சுப் பேசியதை நான் கண்டதில்லை, அதையும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மூன்று ஆட்டம் வென்றோம். சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்ட பந்து, விழுந்த இடத்தில் எந்தப் பக்கம் துள்ளும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. மூன்று ஆட்டத்திலும் ஒரே ஒரு கோல் விட்டான். ஒவ்வொரு ஆட்டம் முடியவும் மைதானத்தில் பெயரை அறிவிப்பார்கள், “ஈச்சங்கலட்டி வெற்றி!” என்று. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவன் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கையைத் தட்டுவதா விடுவதா என்று தெரியாத ஆள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்பான்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் சேட்டுகளெல்லாம் தோய்க்க எங்கள் கொட்டிலுக்கு வந்தன. காய்ந்ததை மடிக்கிற வேலை என்னுடையது. மண்ணிறச் சேட்டில் எழுத்து இல்லாததைப் பார்த்தேன். நிறம் வேறு, எழுத்து வேண்டாம் என்று அப்பா சொன்னதை நான் நம்பவில்லை. நூல் முடிந்துபோயிருக்கும், பொருளாதாரத் தடைக்குள் நூல் எடுப்பது கஷ்டம், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு அப்பா அப்படிச் சொல்கிறார் என்று நானாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். பெட்டிக்குள் என் பள்ளிக்கூடத் தையல் வகுப்பு நூல் ஒரு கட்டை இருந்தது. மாப் பைத் துண்டும் மிச்சம் இருந்தது. இரண்டு மத்தியானம் அம்மா நிவாரண வரிசைக்குப் போன நேரம் பார்த்து இருந்து தைத்தேன். வட்டத் துணி வெட்ட வரவில்லை, ஆகவே புள்ளிகளை நூல் முடிச்சாகப் போட்டேன். ‘ங்’ கொஞ்சம் சரிந்துவிட்டது. அப்பா கண்டால் மெச்சுவார் என்று நினைத்தேன். கணக்கில் ஒருநாளும் மெச்சியதில்லை, இதிலாவது மெச்சுவார் என்று. மடித்து அடுக்கின் நடுவில் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஆட்ட நாள் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தா. மைதான ஓரத்தில் பூவரச மரத்தடியில் அண்ணை சேட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் நிறத்தைக் கண்டு எறிந்து கொடுத்தார். அவன் மண்ணிறச் சேட்டைப் பிடித்தான், விரித்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தரம் தடவினான். சனத்துக்குள் நின்ற தாயிடம் ஓடிப் போய் நெஞ்சைக் காட்டினான். அந்த மனிசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அதோடு அவன் நின்றிருக்கலாம். நேரே அப்பாவிடம் வந்தான்.

“மாஸ்டர், பெரிய உபகாரம். நீங்கள் இப்பிடிச் செய்வியள் எண்டு நான் நினைக்கேல்லை. இண்டைக்கு ஒரு பந்தும் உள்ளை போகாது, என்னை நம்புங்கோ.”

அப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்துச் சனத்தைப் பார்த்தார், அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஆர் தைச்சது?”

“தெரியாது மாஸ்டர். தந்ததைப் போட்டன்.”

“என்ரை வீட்டிலை உதுக்கு ஒருத்தரும் எழுத்துத் தைக்கேல்லை. எங்கையோ களவாய்த் தைச்சுக்கொண்டு வந்திட்டு எனக்கு நன்றி சொல்லிக் காட்டுறியோ?”

“ஐயோ மாஸ்டர், சேட் உங்கடை வீட்டிலை இருந்து தானே வந்தது...”

“பிள்ளை, இஞ்சை வா.” அது எனக்கு. நான் போனேன். “கொம்மா உதிலை எழுத்துத் தைச்சவவோ?”

“இல்லை.”

“நீ தைச்சனியோ?”

இந்த இடத்தில் நான் பயந்துபோனேன், சின்னப் பிள்ளை, என்றெல்லாம் எழுதலாம். மலருக்கு அது நன்றாக இருக்கும். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது எனக்கு அவருடைய குரலிலேயே விளங்கிவிட்டது. கணக்கில் சரியான விடையைச் சொல்லும் பிள்ளை மாதிரி அதைச் சொன்னேன்.

“இல்லை அப்பா.”

அப்பா பையிலிருந்து சவர பிளேட் ஒன்றை எடுத்து அண்ணையிடம் கொடுத்தார். “எழுத்தை எடு.” அண்ணை ஒரு நிமிஷம் நின்றார். அந்த ஒரு நிமிஷத்தை இப்போது தொலைபேசியில் பெரிதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு செய்தார்தானே. சேட்டைக் கழற்றவும் விடவில்லை, உடம்பில் இருக்க, முதலில் ‘ஈ’, பிறகு ‘ச்’ என்று வரிசையாய் வெட்டினார். அவன் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தான். திட்டுகிற பார்வை இல்லை. ‘நீ பொய் சொல்லுவியோ’ என்று கேட்கிற பார்வையும் இல்லை. நான் சொன்னதை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, அப்படியானால் வேறு யார் என்று யோசிக்கிற பார்வை. அதுதான் எனக்கு இன்றைக்கும் சகிக்க முடியாதது.

நிலத்தில் விழுந்த எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடியவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் ‘டி’யை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஆடினார். அவர்தான் இப்போது மலர்க்குழுவின் பொருளாளர் என்று நினைக்கிறேன்.

அதற்குள் அந்தத் தாய் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தா. மகனைப் பிடித்து முகத்தில் அறைந்தா, சனமெல்லாம் பார்க்க. “களவெடுத்தோடா பேர் போடோணும்? இல்லாட்டில் உனக்குச் சோறு செமிக்காதோ?” என்றா. அவன் சேட்டைக் கழற்றி, நாலாக மடித்து, கோல் கோட்டில் வைத்துவிட்டு வெறும் மேலோடு போனான். தாய் பின்னால் போனா. நாங்கள் பத்துப் பேரோடு விளையாடி ஆறு கோலுக்குத் தோற்றோம்.

திரும்பி வரும்போது அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சோடா வாங்கித் தந்தார். தடைக் காலத்தில் சோடா என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதுவரை அவர் எனக்கென்று தனியாக ஒன்றும் வாங்கித் தந்ததில்லை. நான் முழுவதையும் குடித்தேன்.

அந்தச் சோடாவின் பொருள் விளங்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது. அப்பா என் கொப்பியை ஒவ்வொரு நாளும் திருத்தியவர். நான் எழுதும் ‘ங்’ எந்தப் பக்கம் சரியும் என்று அவருக்குத் தெரியும். அம்மாவின் புள்ளி வட்டத் துணி, இது நூல் முடிச்சு. பதினொரு வயதுப் பிள்ளையின் தையல் என்று கண்ட உடனேயே கண்டுபிடித்திருப்பார். அவர் என்னைக் கேட்டது அறிந்துகொள்ள அல்ல. அவனுக்கு எதிராக ஒரு சாட்சி தேவைப்பட்டது, நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவர் இறக்கும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல அப்பாவும் நல்ல மகளும் என்று ஊர் சொன்னது.

அடுத்த நாளிலிருந்து அவன் கிணற்றடிக்கு வந்தால் நீங்கள் “எழுத்துக் கள்ளன், எழுத்துக் கள்ளன்” என்று தகரத்தில் தட்டித் தட்டிப் பாடினீர்கள். நானும் சேர்ந்து பாடினேன். பாடாவிட்டால் சந்தேகம் வரும் என்று பாடினேன். ஒரு கிழமைக்குள் தாயும் மகனும் பருத்தித்துறைப் பக்கம் சொந்தக்காரரிடம் போய்விட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம்.

இப்போது உங்கள் மலரின் மாதிரிப் படியை அனுப்பியிருக்கிறீர்கள். பதினான்காம் பக்கத்தில் ‘மறக்கமுடியாத பகிடிகள்’ என்று ஒரு பகுதி. அதில் இரண்டாவது பகிடி: எழுத்துக் கள்ளன். கையும் களவுமாகப் பிடிபட்ட கீப்பர் ஊரைக் கைவிட்டு ஓடினதால் கிண்ணம் போயிற்று என்று. பக்கத்தில் ஒரு கேலிச் சித்திரமும் வரைந்திருக்கிறீர்கள். தழும்பைக்கூட விடாமல் வரைந்திருக்கிறீர்கள்.

இராணுவம் பிடித்து வைத்திருந்த ஊர்க் காணிகளை விட்டபோது முதலில் திரும்பி வந்தவர்கள் அந்தப் பக்கத்தார். பாம்பையும் பற்றையையும் வெட்டி, மைதானத்தில் கிடந்த முள்ளுக்கம்பியைப் பொறுக்கி எடுத்தது அவர்களுடைய பெடியள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பருத்தித்துறையிலிருந்து தாயோடு திரும்பி வந்த அந்தக் கீப்பர்தான். பகலில் மேசன் வேலை, பின்னேரம் மைதானம். நம் பக்கத்தில் பாதி வளவுகளுக்கு ஆள் இல்லை, வேலியும் பூட்டும்தான் இருக்கின்றன. பதினொரு பேர் எங்கே, நம் பக்கத்தில் பந்து உதைக்கிற வயதில் மூன்று பேரைக் காட்டுங்கள் பார்ப்போம். புதிய விதானையார் ஒரு இளம் பெண்பிள்ளை. பதிவைப் பார்த்தா, சீல் குத்திக் கொடுத்தா. பெயர் வந்துவிட்டது. அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணை தொலைபேசியில் எடுத்தார்.

“நீ கையெழுத்தை வை. மிச்சத்தை நாங்கள் பாப்பம்.”

“என்னெண்டு வைக்கிறது? அவையளும் அந்த ஊர்தானே.”

“ஊர் எண்டால் ஊரோ? அது அப்பான்ரை பேர், விளங்குதோ? அப்பா உயிரைக் குடுத்து வைச்சிருந்த பேர்.”

“அண்ணை, அந்த எழுத்தைத் தைச்சது நான்.”

“உதை இப்ப ஏன் கிளறுறாய்? விசர்க் கதை கதையாதை. கடிதம் திங்கட்கிழமை போகோணும்” என்றார். அவருக்கும் அப்பாவின் குரல் வந்துவிட்டது என்று நினைத்தேன். கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்த நாள் பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். அவர் குனிந்து, தகரப் பேணியால் சுண்ணாம்பு கொட்டிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. நான் யாரென்று தெரிந்து நிமிர்ந்தார்.

“மாஸ்டரின்ரை மகள் எல்லோ. என்ன, பேர்க் கடிதமோ?”

இல்லை என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். நூல், மாப் பை, இரண்டு மத்தியானம், மரத்தடி, நான் சொன்ன பொய். நான் கதைத்து முடியும்வரைக்கும் பேணியைக் கையில் சரித்தபடியே வைத்திருந்தார்.

“கோவமில்லை எண்டு நான் சொல்லுவன் எண்டு வந்தனீரோ?”

“இல்லை.”

“நல்லது. எனக்குக் கோவம் இருக்கு.”

அவர் பேணியை நிமிர்த்திப் பிடித்தார்.

“அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிசம் நிண்டிருப்பன். மாஸ்டர் என்னை ஊராள் எண்டு எடுத்திட்டார் எண்டு நினைச்சன். அடி வாங்கினதுகூடப் பெரிசில்லை. அப்பிடி நினைச்சதுதான் எனக்கு வெக்கம்.” பேணியை நிலத்தில் வைத்தார். “நான் களவெடுக்கேல்லை எண்டு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினனான். அவ நம்பேல்லை. மாஸ்டரின்ரை பிள்ளை பொய் சொல்லுமோ எண்டு என்னைக் கேட்டவ. சாகிறதுக்கு முதல் நாளும் என்ரை பிள்ளையளைக் கூப்பிட்டு வைச்சு, உங்கடை அப்பரைப் போலை மற்றவன்ரை பேருக்கு ஆசைப்படாதேங்கோ எண்டவ. போன மாசிக்குத்தான் போனவ.”

சுண்ணாம்புக் கையைச் சாரத்தில் துடைத்தார்.

“ஒரு வருசம் முந்தி வந்திருக்கலாம் நீர்.”

நான் இந்த ஊருக்குத் திரும்பி வந்து ஏழு வருடமாகிறது. கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் அந்தத் தாய்க்குப் பின்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.